ஆன்டிபயாடிக் சாப்பிட்டபின் வயிற்றுப்போக்கு: இட்லி, மோர்க்குழம்பு போதுமா?

மதுரைக்காரி: அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். தொற்று போய்விட்டது, வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. தினமும் இட்லி, மோர்க்குழம்பு கொடுக்கிறேன். இவை புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா உள்ள உணவுதானே?

தயிர்ச்சட்டி: இல்லைங்க. மாவு புளிக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியா பெருகும், ஆனால் ஆவியில் வெந்ததும் செத்துவிடும். மோர்க்குழம்பு கொதித்தாலும் அப்படித்தான். வயிற்றுக்கு இட்லி இதம், அதை நிறுத்த வேண்டாம். கூடவே வீட்டில் உறை ஊற்றிய தயிரைக் கடைந்து, உப்புப் போட்டு மோராகக் கொடுங்கள். தாளிக்கிறீர்கள் என்றால் தாளிப்பு ஆறியபின் கொட்டுங்கள்.

நுண்ணுயிர்ப்பிரியன்: நம் நோய் எதிர்ப்புச் செல்கள் குடலிலும் நிறைய இருக்கின்றன. 2021-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 36 பேர் இருந்தார்கள். ஒரு பிரிவினர் 10 வாரம் தயிர், கெஃபிர் (புளித்த பால் பானம்), கிம்ச்சி (கொரியாவின் புளித்த காய்கறி) என்று புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டார்கள். அவர்களுடைய குடல் பாக்டீரியாவில் வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியோடு (உடலுக்குள் ஏற்படும் வீக்கம் போன்ற எதிர்வினை) தொடர்புடைய 19 புரதங்கள் குறைந்தன. சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்கு நம்பிக்கை தருகிறது.

நர்ஸ் அக்கா: தங்கச்சி, அம்மாவுக்குக் காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ இருக்கிறதா? ஆன்டிபயாடிக்குக்குப் பின் சிலருக்கு க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகிவிடும். அதற்கு மோர் போதாது, உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள்.