மறு: கார் பார்க் ‘அபராதம்’ – இந்தச் சொல்லை விட்டுவிடுவோமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் தனியார் கார் பார்க் கம்பனிகள் காசு கேட்டு அனுப்பும் கடிதங்களைப் பற்றிய நம் தமிழ்த் துண்டறிக்கைக்கான சொற்பட்டியலில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. இழுபடுவது இந்த ஒரு சொல்லும் அதைச் சுற்றியுள்ள மூன்று நான்கும்தான். வந்த கருத்துகளுக்கு இடையிடையே பதில் எழுதியிருக்கிறேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டிஸ்’ என்பதற்கு ‘வாகன நிறுத்த அபராத அறிவிப்பு’ போதாதா? எல்லாருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும் ஐயா. தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தமிழ்ப்பள்ளி முடிகிற நேரம், அக்கா ஒருவர் ஒரு கடித உறையோடு வந்தார். “தம்பி, அரசாங்கத்திலயிருந்து தண்டம் வந்திருக்கு. இண்டைக்கே கட்டோணும், இல்லாட்டிக் கோட்டுக்கு இழுப்பாங்கள்” என்றார். உறைக்குள் கடிதத்தோடு மூன்று இருபது பவுண் தாள்களும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. யாராவது இணையத்தில் கட்டித் தந்தால் கையோடு கொடுத்துவிடத் தயாராக வந்திருக்கிறார்.

கடிதத்தைப் பார்த்தேன். அதில் அரசாங்கம் எங்கேயும் இல்லை. சூப்பர் மார்க்கெட் ஒன்றின் கார் பார்க்கைப் பார்த்துக்கொள்ளும் தனியார் கம்பனி அனுப்பியது. 100 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் 60. கீழே இரண்டு படங்கள்: கார் உள்ளே வந்தது காலை 9:38, வெளியே போனது பிற்பகல் 12:51. அங்கே இரண்டு மணித்தியாலம்தான் இலவசம்.

நடந்தது வேறு. காலையில் பாலும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு பத்து மணிக்கு முன்பே வெளியே வந்துவிட்டார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, வகுப்பு முடிந்ததும் மீன் வாங்க அதே கடைக்குத் திரும்பவும் போயிருக்கிறார். முதல் வருகையின் நுழைவையும் இரண்டாம் வருகையின் வெளியேற்றத்தையும் கமெரா ஒட்டிப்போட்டுவிட்டது. இந்தக் கமெராக்களுக்கு இது பழகிய வியாதி. ஒரு கார் இரண்டு முறை வந்து போனால், நடுவில் இருக்கும் இரண்டு படங்கள் தவறிப்போய் ஒரே நெடுந்தரிப்பாகிவிடும்.

அக்காவை அறுபது பவுண் கட்ட வைக்க இருந்தது ‘தண்டம்’ என்ற சொல். தண்டம், அபராதம் என்றாலே நமக்குப் பின்னால் ஒரு காக்கிச் சட்டையும் ஒரு நீதவானும் தெரிவார்கள். அவர்களோடு யார் வாதாடுவது? ‘தண்டம் அழுதுட்டு வா’ என்பதுதானே வீட்டில் சொல்கிற புத்தி.

> அப்படியானால் சட்டத்தில் உள்ளபடியே ‘கட்டணம்’ என்று வைத்துவிடலாமே. சார்ஜ் = கட்டணம். மூலத்துக்கு விசுவாசமாக இருக்கும்.

இதை நானும் முதலில் நினைத்தேன். ஆனால் கட்டணம் என்பது இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுப்பது. இந்தக் கார் பார்க்கோ இலவசம். ‘இலவச இடத்தில் கட்டணம் கட்டவில்லை’ என்று வாசித்தால் மனிதர் குழம்பிப்போவார்.

இன்னொன்று, இங்கே ஆங்கிலமே நேர்மையாக இல்லை. கவுன்சில், அதாவது உள்ளூராட்சி, தருவது ‘பெனால்டி சார்ஜ் நோட்டிஸ்’. அதற்குப் பின்னால் 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. தனியார் தருவது ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டிஸ்’. இரண்டையும் சுருக்கினால் பீ.சீ.என்.தான். இந்த ஒற்றுமை தற்செயல் என்று நம்புகிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை. ஆங்கிலம் மறைத்ததைத் தமிழிலும் மறைத்துக் கொடுப்பது விசுவாசம் ஆகாது.

இனி என் முக்கிய வாதம். ஒப்பந்தத்தை மீறியதற்குத் தண்டனையாக ஒரு தொகை கேட்டால் அது செல்லாது என்பது இங்கிலாந்து ஒப்பந்தச் சட்டத்தின் பழைய விதி. செம்ஸ்ஃபோர்ட் நகரத்துக் கடைத்தொகுதி ஒன்றில் இரண்டு மணித்தியால இலவச நேரத்துக்கு மேல் 56 நிமிடம் நின்றதற்கு கார் பார்க் கம்பனி 85 பவுண் கேட்ட, பீவிஸ் என்பவரின் வழக்கு இந்த விதியை வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 நவம்பரில் தீர்ப்பு. கார் பார்க்கில் இடம் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும் என்பதில் கம்பனிக்கு நியாயமான அக்கறை உண்டு, 85 பவுண் அதற்கு மிஞ்சியதும் இல்லை, ஆகவே அது செல்லாத தண்டத்தொகை அல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். கம்பனி வென்றது.

கவனியுங்கள்: இது தண்டம் இல்லை என்று வாதாடி வென்றது கம்பனி. தண்டம் என்று தீர்ந்திருந்தால் ஒரு சதமும் வாங்கியிருக்க முடியாது. அவர்களே நீதிமன்றத்தில் மறுத்த பெயரை நாம் தமிழில் கூப்பிட்டுச் சூட்டுவானேன்?

> ‘மிரட்டல் சீட்டு’ என்றே போடுங்கள் அண்ணா! குப்பையில் போட வேண்டியதுதானே.

சிரித்தேன். ஆனால் இதுவும் ஆபத்து. ‘தனியார்தானே, கிழித்துப் போடு’ என்ற புத்திமதி 2012க்கு முந்தியது. அப்போது காரை யார் ஓட்டினார் என்று கம்பனிக்குத் தெரியாவிட்டால் யாரிடமும் கேட்க வழியில்லை. சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் 2012, அதன் நான்காம் அட்டவணை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த வழியைத் திறந்துவிட்டது. தனியார் நிலத்தில் நிற்கும் காரின் சில்லுக்குப் பூட்டுப் போடுவதைத் தடைசெய்ததும் இதே சட்டம்தான், ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுத்த மாதிரி. இப்போது கம்பனி, வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் அரச நிறுவனமான டி.வி.எல்.ஏ.க்கு 2.50 பவுண் கொடுத்து விலாசம் வாங்கி, நிபந்தனைகளைச் சரியாக நிறைவேற்றினால், காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே கேட்கலாம். கடிதங்களைக் குப்பையில் போட்டவர் மேல் வழக்கு வந்து, அதற்கும் பதில் போடாவிட்டால், எதிர்த்தரப்பு இல்லாமலே தீர்ப்பாகிவிடும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது ஆறு வருடம் கடன் பதிவில் கிடக்கும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்கு அது தெரியவரும்.

ஆகவே சொல் தண்டம் போல மிரட்டவும் கூடாது, குப்பை போல இளக்காரமாகவும் இருக்கக் கூடாது. ‘ஒருவர் உன்னிடம் காசு கேட்கிறார். கேட்டது நியாயமா என்று பார், பார்த்துப் பதில் சொல்’ என்கிற இடத்தில் நிற்க வேண்டும். என் முன்மொழிவு: கோருதொகை. தனியார் தருவது ‘தரிப்புக் கோருதொகை’. கவுன்சில் தருவது ‘தரிப்புத் தண்டம்’. இரண்டும் வாயில் வேறு வேறாக ஒலிக்கின்றன, அதுவே பாதி வெற்றி.

இலக்கணக்காரர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், இது வினைத்தொகைதான். கோரிய தொகை, கோருகின்ற தொகை, கோரும் தொகை. இந்தக் கம்பனிகளின் கடிதங்கள் வரும் ஒழுங்கைப் பார்த்தவர்களுக்கு மூன்று காலமும் ஏன் பொருந்துகிறது என்று விளக்கத் தேவையில்லை. ‘கோருதொகை’யில் வல்லினம் மிகாது, எழுத்துப் பிழை ஒன்று குறையும்.

‘அறவீடு’ என்று எழுதியிருந்தவருக்கு: நல்ல சொல், இலங்கை அரச படிவங்களில் புழங்குவதும்கூட. ஆனால் வரி மாதிரிக் கேட்கிறது. அறவிட்டாயிற்று, காசு போயிற்று என்ற தொனி. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘மன்றுபாடு’ என்ற அழகான சொல்லையும் யோசித்துப் பார்த்தேன். மன்றத்தில் கட்ட வேண்டிய தண்டம் அது. இங்கே மன்றமே இல்லையே என்பதுதான் நம் கட்சி, அதனால் மனமில்லாமல் விட்டேன். கவுன்சிலுக்கு வேண்டுமானால் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

> ‘ரெஜிஸ்டர்ட் கீப்பர்’ = பதிவுபெற்ற உரிமையாளர்?

இல்லை. பதிவுப் புத்தகமே ‘இது உரிமைக்கு அத்தாட்சி அல்ல’ என்கிறது. அக்காவின் கார் மகன் பெயரில் பதிவு, காசு கொடுத்தவர் அக்கா. ‘பதிவாளர்’ என்றால் பிறப்பு இறப்புப் பதிகிறவர் வந்து நிற்பார். ‘பதிவர்’ என்றால் வலைப்பூ எழுதுகிறவர். ‘பதிவுப் பொறுப்பாளர்’ என்று ஒருவர் அனுப்பியிருந்தார். அவருக்குப் பொறுப்பு உண்டா இல்லையா என்பதே வழக்கு, பெயரிலேயே பொறுப்பைக் கட்டிவிடலாமா? பதிவுடையவர் என்று வைத்தேன். அவரிடம் பதிவு இருக்கிறது, அவ்வளவுதான்.

கமெரா மட்டும் பார்த்துவிட்டு அனுப்பும் கடிதம், நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் பதிவுடையவர் கைக்கு வந்தால்தான் அவரை நான்காம் அட்டவணைப்படி பிடிக்கலாம். அக்காவின் மகனுக்கு ஒன்பதாம் நாளே வந்துவிட்டது. அந்தக் கதவு எங்களுக்கு இல்லை.

‘டிரைவர்’ என்பதற்குச் சாரதியா ஓட்டுநரா என்ற சண்டையை நிறுத்திவிட்டு ஓட்டியவர் என்று போடுவோம். சாரதி, ஓட்டுநர் இரண்டும் தொழிலைக் காட்டுகின்றன. நமக்கு வேண்டியவர் அன்று அந்த நேரத்தில் ஓட்டியவர். ஓட்டியவர் யார் என்று தனியார் கம்பனிக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பதிவுடையவருக்கு இல்லை. பொலிஸ் கேட்டால் கதை வேறு. மாதிரிக் கடிதத்தைத் தமிழில் யோசித்து எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள், நம் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘நிறுத்தினேன்’ என்று ஒரு ‘ஏன்’ விகுதி விழுந்தால் போதும். ‘வாகனம் இரண்டு முறை வந்து போனது’ என்று எழுதுங்கள்.

> ‘அப்பீல்’ – மேல்முறையீடு / மேன்முறையீடு. இதில் என்ன சிக்கல்?

எழுத்துக்கூட்டலில் இல்லை. தமிழ்நாட்டில் மேல், இலங்கைத் தமிழில் மேன், துண்டறிக்கை இலங்கைத் தமிழ் வழக்கில் போவதால் மேன். சிக்கல் என்னவென்றால், முதலில் எழுதுவது அதே கம்பனிக்கு. கேட்டவனிடமே திரும்பிப் போவதில் ‘மேல்’ எங்கே இருக்கிறது? அதை மறுப்பு மடல் என்போம். கம்பனி நிராகரித்த பிறகு போவதுதான் மேன்முறையீடு. கம்பனி தன் துறையின் எந்தச் சங்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, அதை விசாரிக்கும் அமைப்பு போப்லா அல்லது ஐ.ஏ.எஸ். (நம் ஊர் கலெக்டர் இல்லை.) போப்லாவுக்குப் பத்து இலக்க எண் ஒன்று தருவார்கள், 28 நாள் அவகாசம், காசு இல்லை. தோற்றால் 60 பவுண் சலுகை போய்விடும் என்பதையும் துண்டறிக்கையில் தடித்த எழுத்தில் போட வேண்டும். போப்லா முடிவு கம்பனியைக் கட்டும், உங்களைக் கட்டாது.

‘கிரேஸ் பீரியட்’ – பொறுதி நேரம். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தனியார் கார் பார்க் பொது நெறிக்கோவைப்படி முடிவில் 10 நிமிடம். வந்தவுடன் பலகையை வாசித்து நிற்பதா போவதா என்று தீர்மானிக்க 5 நிமிடம், அது யோசனை நேரம். இரண்டுக்கும் எதிர்ப்பு வராது என்று நினைக்கிறேன்.

‘தரிப்பு’ வேண்டாம், ‘நிறுத்தம்’ போடுங்கள் என்று சென்னை நண்பர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். தரிப்பு என்றால் அவர்களுக்குக் கருத்தரிப்பு மையம் ஞாபகம் வருகிறதாம். நிறுத்தம் என்றால் எனக்குப் பஸ்ஸும் வேலைநிறுத்தமும் ஞாபகம் வருகின்றன. ‘நின்று தரிக்க நேரமில்லை’ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கார் செய்வதும் அதுதான், வந்து, நின்று, கொஞ்சம் தரிப்பது.

அக்காவின் கதையை முடிக்காமல் விட்டால் தனி மடலில் கேட்பீர்கள். காலைப் பற்றுச்சீட்டு அவர் கைப்பையின் அடியில், மருந்துச் சீட்டுகளுக்கும் கோயில் விபூதிப் பொட்டலத்துக்கும் நடுவில் கிடைத்தது. 9:51, பால், வாழைப்பழம். மீன் வாங்கிய சீட்டில் 12:46. பத்தரைக்கு அவர் பள்ளி வாசலில் நின்றதற்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. மூன்றையும் இணைத்து மகன் பெயரில் மறுப்பு மடல் போனது. கூடவே கடையின் வாடிக்கையாளர் மேசையிலும் ஒரு பிரதி. நிலம் அவர்கள் பொறுப்பில் இருந்தால் அவர்கள் ஒரு சொல் சொன்னாலே கம்பனி கைவிடுவதுண்டு, அதனால் அதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு நாளில் பதில். ‘நல்லெண்ண அடிப்படையில்’ ரத்துச் செய்கிறார்களாம். கமெரா பிழைவிட்டது என்று ஒரு வரி இல்லை. இந்த ‘நல்லெண்ண’த்துக்கு என்ன கலைச்சொல் என்று அடுத்த மடலில் பேசலாம்.

அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். “அப்ப அது தண்டம் இல்லையோ? சும்மா கேட்டுப் பார்த்தவங்களோ?” என்றார். கோருதொகைக்கு இதைவிடச் சுருக்கமான வரைவிலக்கணம் என்னிடம் இல்லை.

ஞாயிறு இரவுக்குள் மறுப்புகளை அனுப்புங்கள், திங்கள் அச்சுக்குப் போகிறது. ‘அறிவித்தல்’ஆ ‘அறிவிப்பு’ஆ என்பதை மட்டும் தயவுசெய்து இந்த இழையில் தொடங்காதீர்கள். அதற்குத் தனி இழை போடுகிறேன்.