பதில்: "மறு அறிமுகம்" – வேறு சொல் பார்க்கலாமா?

ஐயா, வணக்கம்.

> ரீஇன்ட்ரடக்‌ஷனுக்கு "மறு அறிமுகம்" போதுமே. நாளிதழ்களிலும் அதுதானே வருகிறது?

வருகிறதுதான். ஓரிடத்தில் அற்றுப்போன விலங்கை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து மறுபடி காட்டில் விடுவதைத்தானே ரீஇன்ட்ரடக்‌ஷன் என்கிறோம். ஆனால் அறிமுகம் என்றதும் கல்யாண வீட்டில் "இவர் நம்ம சம்பந்தி" என்று காட்டுவதும், கடைக்குப் புதுச் சோப்பு வருவதும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. ராஜஸ்தானின் சரிஸ்காக் காட்டில் கள்ளவேட்டையில் புலியே இல்லாமல் போய், 2008இல் ரந்தம்பூர்க் காட்டிலிருந்து ஹெலிகாப்டரில் புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே யாருக்கு யார் அறிமுகம்?

மத்தியப் பிரதேசத்தின் பன்னாக் காட்டிலும் புலி அற்றுப்போனது. 2009இல் அதே மாநிலக் காடுகளான பாந்தவ்கரிலிருந்து ஒன்று, கான்ஹாவிலிருந்து ஒன்று எனப் பெண்புலிகள் வந்தன. பெஞ்சிலிருந்து ஓர் ஆண்புலி. ரேடியோ கழுத்துப்பட்டையோடு காட்டுக்குள் விட்ட சில நாட்களிலேயே ஆண்புலி தெற்கே, பழைய காட்டுத் திசையில், நடையைக் கட்டிவிட்டது. வனத்துறையினர் வாரக்கணக்கில் பின்னாலேயே அலைந்து, மயக்க ஊசி போட்டுத் தூக்கிவந்து மறுபடி விட்டார்கள். அப்புறம்தான் அது அங்கே தங்கியது, குட்டிகளும் பிறந்தன. இந்த வேலை முழுக்கக் கொண்டுவருவதும் விடுவதும்தான்.

> அப்படியானால் "மீள்குடியேற்றம்"?

இதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களுக்கு இன்னோர் இடம் வேண்டுமென்று மத்தியப் பிரதேசத்தின் குனோக் காட்டில் 24 கிராமங்களைக் காலி செய்தார்கள். பெரும்பாலோர் சஹாரியா பழங்குடியினர். அப்படி அனுப்பியதையும் இதே சொல்லால்தான் எழுதுகிறோம். சிங்கம் இன்னும் வரவில்லை. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகள்தான் (சீட்டா) வந்தன. மனிதர் வெளியே போனதற்கும் விலங்கு உள்ளே வந்ததற்கும் ஒரே சொல்லா? ஈழத்து நண்பர்கள் அந்தச் சொல்லை எப்படிக் கேட்பார்கள் என்றும் யோசியுங்கள்.

"மீள்விடுகை" என்று வைக்கலாமா? குளத்தில் மீன்குஞ்சு விடுகிறோம், கடலில் ஆமைக்குஞ்சு விடுகிறோம், அதே விடுதல். (யாழ்ப்பாணத்தாருக்குப் பாடசாலை விடுகைப் பத்திரம் ஞாபகம் வரும். பரவாயில்லை.)

விலங்கு கொஞ்சம் மிஞ்சியிருக்கும் இடத்தில் கூடுதலாக விடுவதற்குத் தனிச்சொல் வேண்டும். நட்ட வயலில் செத்துப்போன இடம் பார்த்து மிச்ச நாற்றைச் செருகுவோமே, பாடுவாசி நிரப்புதல், அதை வைத்து "நிரப்புவிடுகை" எனலாம்.

ஒரு சிக்கல் உண்டு. 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது ஆசியச் சிவிங்கிப்புலி. குனோவுக்கு வந்தவை ஆப்பிரிக்கக் கிளையினம். "மீள்" செல்லுமா? இனம் ஒன்றுதான் என்பதால் செல்லும் என்கிறேன். கிளையினத்தைப் பிடித்துக்கொள்பவர்கள் வெறும் "விடுகை" என்று எழுதட்டும், சண்டைக்கு வரமாட்டேன்.

அப்புறம், குனோவில் சிவிங்கிப்புலிகளை முதலில் அடைத்துவைத்த "போமா". கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆடுமாடு அடைக்கும் வேலிக்குத்தான் அந்தப் பெயர். நம் "பட்டி" இருக்கும்போது அதை ஏன் அப்படியே எழுத வேண்டும்?