வன உரிமைக் கிராம சபைகளில் பெண்கள்: அனுபவமுள்ளோரின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். காடழிப்பால் எழும் கரிம உமிழ்வைக் குறைக்கத் தேசியத் திட்டம் வகுக்கும் வளரும் நாடுகள், நில உரிமையோடு பாலினச் சமத்துவத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் கான்கூன் காலநிலை உடன்பாடு கேட்டுக்கொண்டது. அதற்கு முன்பே, காடுகளில் வாழும் மக்களின் உரிமைகளை அங்கீகரிக்கும் நம் வன உரிமைச் சட்டம் (2006), மணமானவர்களுக்கு வழங்கும் உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும் என்றது. 2012இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின் விதிகளின்படி, இந்த உரிமைகளைப் பரிசீலிக்கும் கிராம சபைக்கு வந்திருப்போரில் மூன்றில் ஒரு பங்கினரேனும் பெண்களாக இருக்க வேண்டும்.

ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருப்பதும், கிழங்கும் நெல்லிக்காயும் விறகும் தேடி நாள்தோறும் காட்டுக்குள் செல்லும் பெண்ணின் அறிவு காடு மேலாண்மைத் திட்டத்தில் இடம்பெறுவதும் ஒன்றல்ல என்றே உறுதியாகக் கருதுகிறேன். இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுதி வருகிறேன்.

நீலகிரி, சத்தியமங்கலம், ஆனைமலைப் பகுதிகளில் இத்தகைய சபைகளோடு பணியாற்றியவர்கள், எந்த மரங்களை நடுவது என்பதை அங்கே யார் முடிவு செய்கிறார்கள், பெண்களின் மறுப்பு தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படுகிறதா என்பதைத் தெரிவித்தால் பெரிதும் நன்றியுடையவளாக இருப்பேன். பெயர் நீக்கிய தீர்மான நகல்கள் கிடைத்தால் இன்னும் உதவியாக இருக்கும்.