பின்னால் வண்டி வராத சாலை: பிரான்சில் எங்கே சைக்கிள் மிதிக்கலாம்?

அஸ்தம்பட்டி டீச்சர் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 57. கணக்கு ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். ஆறு வருடங்களாக ஞாயிறு விடியற்காலையில் ஏற்காடு மலைக்குச் சைக்கிளில் ஏறி வந்தேன். அடிவாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு ஐந்தரைக்குக் கிளம்புவேன். ஏறும்போது மூச்சை எண்ணிக்கொண்டே மிதிப்பது என் பழக்கம். இருபதாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் அந்த எண்ணிக்கைதான் எனக்குத் துணை.

சென்ற தை மாதம் பதினோராவது வளைவுக்குக் கீழே ஒரு சுற்றுலா வேன் என்னை உரசுவதுபோல முந்தியது. அதன் பக்கக் கண்ணாடி என் ஹேண்டில்பார் முனையைத் தட்டியது. ஓரச் சுவரில் போய் மோதி நின்றேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அது ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் இன்றைக்கும் பின்னால் ஹாரன் கேட்டால் என் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறிக்கொள்கின்றன. எண்ணிக்கை அறுந்துபோகிறது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க மனம் வரவில்லை.

மகள் லியோன் நகரில் வேலை செய்கிறாள். ஜூன் மாதம் வரச் சொல்லிக் கூப்பிடுகிறாள். கோபுரமும் அரண்மனையும் பார்க்க எனக்கு ஆசையில்லை. லாரியும் பஸ்ஸும் இல்லாத சாலையில், வயல்காட்டு நடுவே, நான்கு நாட்கள் தொடர்ந்து மிதிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் என்னால் முடியும். மகளுக்கு இரண்டு நாள்தான் விடுப்பு, மீதி நாள் தனியாகத்தான் போக வேண்டும். என்னுடையது மெல்லிய டயர் போட்ட சைக்கிள், 25 மில்லிமீட்டர். அதைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

டீச்சர், அந்த வேன் செய்ததைப் படித்ததும் மனது கனத்துவிட்டது. இந்த மலையில் பிறந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மலைப்பாதையை விட்டுவிடுங்கள், மலையை விட்டுவிடாதீர்கள். சைக்கிளை ஒரு சின்ன லோடு வண்டியில் ஏற்றி ஏரிவரை கொண்டுவந்துவிட்டால், அங்கிருந்து கிராமங்கள் வழியாகச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் வட்டச் சாலை இருக்கிறது. செவ்வாய், புதன் காலை ஆறு மணிக்கு வாருங்கள். பால்காரரும் தோட்டத்துக்கு நடந்து போகிற பெண்களும்தான் எதிரே வருவார்கள். பங்குனி, சித்திரையில் ஒரு மழை பெய்து முடிந்தால் காப்பிச் செடி பூத்துவிடும். அந்த வாசனை மல்லிகையை நினைவுபடுத்தும். கோடை விழா நாட்களில் மட்டும் இந்தப் பக்கமே வர வேண்டாம். பிரான்சுக்குப் போவதற்கு முன் இங்கே நான்கு சுற்று சுற்றினால் பயம் கொஞ்சமாவது இறங்கும் என்று நம்புகிறேன்.

சூரமங்கலம் இருப்புப்பாதை:

அம்மா, நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 34 வருடம் இருந்தவன். ஆகையால் என் பதிலும் தண்டவாளத்தை ஒட்டியே போகும். நீங்கள் கேட்கும் சாலை இருக்கிறது. ஒரு காலத்தில் அதன்மேல் ரயில் ஓடியது.

லியோனுக்கு வடக்கே பர்கண்டி. அங்கே ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை கைவிடப்பட்ட ரயில் பாதையில் தார் போட்டு, 1997-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 44 கிலோமீட்டர். இப்படிப்பட்ட பாதையை அங்கே ‘வுவா வெர்த்’ என்கிறார்கள், பசுமை வழி என்று பொருள். நாட்டிலேயே முதலில் வந்தது இதுதான். மோட்டார் வைத்த வாகனம் எதற்கும் அனுமதி இல்லை. பிறகு வடக்கே ஷலோன், தெற்கே மாக்கோன் பக்கம்வரை நீட்டிவிட்டார்கள். இப்போது ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் லியோனிலிருந்து நேரடி ரயில் உண்டு. வட்டார ரயில்களில் சைக்கிளை ஏற்றலாம்.

மூன்று வருடங்களுக்கு முன் செப்டம்பரில் மகனோடு போனேன். இரும்புச் சக்கரம் இரும்பின்மேல் ஏற்றத்தில் வழுக்கும். அதனால் பாதை போட்டவன் மேட்டை வெட்டியிருப்பான், பள்ளத்தில் மண் கொட்டி உயர்த்தியிருப்பான், திரும்ப வேண்டிய இடத்தில் அகலமாகத் திருப்பியிருப்பான். ரயில் போய்விட்டது, அவன் செய்த அந்தச் சமன் மண்ணிலேயே தங்கியிருக்கிறது. நீங்கள் அதன்மேல்தான் மிதிப்பீர்கள். ஒரு பழைய ஸ்டேஷன் இப்போது யாருடைய வீடோ. ஜன்னலில் திரைச்சீலை, சுவரில் ஊர்ப் பெயர் அப்படியே இருக்கிறது. இறங்கிப்போய் பிளாட்பார விளிம்புக் கல்லைத் தடவிப் பார்த்தேன். எத்தனையோ பேர் ஏறி இறங்கி வழவழவென்று தேய்ந்த கல். அதன் இடுக்கில் புல் முளைத்திருந்தது. என் கையில் பட்ட அந்தக் குளிர்ச்சி இப்போதும் நினைவிருக்கிறது.

இனி உங்கள் தோள் விஷயம். முதல் நாள் நானும் நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். நம் ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவருக்குக் கண் முன்னால், காது பின்னால். இரண்டாம் நாள் கோர்மாத்தன் என்ற ஊரைத் தாண்டியபோது, இரு பக்கமும் வெள்ளை வெளேரென்ற ஷரோலே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு மாடு புல்லைப் பறிக்கும் ‘சரக் சரக்’ சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதுதான் காலையிலிருந்து ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. சொல்லிக்கொடுக்காமலே காது முன்பக்கம் வந்துவிட்டது.

நான்கு நாளுக்கு இப்படிச் செய்யுங்கள். ஷலோனில் தொடங்கி க்ளூனி வழியாக மாக்கோன். அங்கிருந்து சோன் ஆற்றங்கரையோடு தூர்னூ வழியாகத் திரும்ப ஷலோன். ஆற்றங்கரைப் பாதைக்கு ‘நீல வழி’ என்று பெயர். லக்சம்பர்க் எல்லையிலிருந்து லியோன் வரை வருகிற நீண்ட பாதையின் ஒரு துண்டு அது. போன வழியே திரும்ப வேண்டியதில்லை.

ஏற்காடு ஏறிய கால் இதற்குப் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். மலையில் எழுந்து நின்று மிதிப்போம், இறங்கும்போது கால் ஓய்ந்துவிடும். சமதளத்தில் இரண்டு மணி நேரம் ஒரே இருப்பில் விடாமல் மிதிக்க வேண்டும். கால் தாங்கும், உட்காரும் இடம் தாங்காது. மே மாதம் முழுக்க சமதளத்தில் இடைவிடாமல் மிதித்துப் பழகுங்கள்.

க்ளூனிக்குத் தெற்கே புவா க்ளேர் என்ற பழைய ரயில் சுரங்கம் வரும், 1.6 கிலோமீட்டர். வௌவால்கள் தூங்கும் என்று குளிர்காலத்தில் அதை மூடிவிடுகிறார்கள். ஜூனில் திறந்திருக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே நடுங்கும், ஒரு ஸ்வெட்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தண்ணீருக்குக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும் என்று மகன் சொன்னான். முதலில் எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் வழக்கத்தில் அங்கே போனால் குளித்துவிட்டுத்தானே வீட்டுக்குள் நுழைவோம்? கணவரின் கல்லறைப் பூந்தொட்டிக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி என் காலி பாட்டிலைப் பார்த்தார். தானே வாங்கி நிரப்பி, ஈரத்தைத் தன் ஏப்ரனில் துடைத்துக் கொடுத்தார். குடித்தேன். குழாய்மேல் ‘நோன் போத்தாப்ல்’, அதாவது குடிக்க உகந்ததல்ல என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்க வேண்டாம்.

துலூசில் ஒரு செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

அம்மா, பெரியவர் சொன்ன பாதையே சரி. உங்கள் மகளோ நண்பர்களோ ‘கனால் து மிதி’ கால்வாய்க் கரைக்குப் போகலாம் என்று சொல்லக்கூடும். தெற்குப் பிரான்சில் நான் இருக்கும் துலூஸ் ஊரை ஒட்டிய கால்வாய் அது, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். 1666 முதல் 1681 வரை பியேர் போல் ரிக்கே வெட்டுவித்த 240 கிலோமீட்டர் கால்வாய், யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. துலூசிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் வரை நல்ல தார்ப் பாதை. அதற்குப் பிறகு பெரும்பாலும் மண்ணும் சரளையும் மர வேரும்தான். 25 மில்லிமீட்டர் டயர் அங்கே உங்களைப் பாடாய்ப்படுத்தும். கரையோரப் பிளேன் மரங்களில் 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் பரவி, ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். நிழலை நம்பிப் போனால் சில இடங்களில் ஏமாற்றம்தான். வெட்டிய இடத்தில் புதுக் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். தினமும் அலுவலகம் போகும் வழியில் அவற்றைப் பார்க்கிறேன், இன்னும் என் தோளுயரம்கூட வரவில்லை.

சைக்கிளை வாடகைக்கே எடுங்கள். அங்கே வலக்கை பிடி பின்சக்கர பிரேக்காக இருக்கும், கிளம்பும் முன் இரண்டு முறை பிடித்துப் பழகுங்கள். பசுமை வழி சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் நாம்தான் நிற்க வேண்டும். அங்கே வண்டிகள் வலப்பக்கம் போவதால், முதலில் இடப்பக்கம் பாருங்கள். கிராமத்துச் சின்னச் சாலையில் கொஞ்ச தூரம் போக நேர்ந்தாலும் பயப்பட வேண்டாம். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலோர் மதிக்கிறார்கள்.

சாப்பாடு: பாகெட் ரொட்டியில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட்தான். குரோசான்மேல் முட்டை பூசுவார்கள், அதை விட்டுவிடுங்கள். பாலாடைக்கட்டி பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். கடுமையான சைவம் என்றால் அதுவும் வேண்டாம். பருப்புப் பொடியும் கடலை உருண்டையும் சேலத்திலிருந்தே கொண்டு வாருங்கள். மதியம் 12 முதல் 2 வரை கிராமத்தில் கடை திறந்திருக்காது, பதினொன்றுக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி டீச்சர்:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வேன். நாகலூர் தம்பி, அடுத்த புதன்கிழமை ஏரிக்கு வருகிறேன். ஐயா, அந்த மாடு புல் பறிக்கும் சத்தத்தை நான்கு முறை படித்தேன். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். சுரங்கத்துக்குள் பின்னால் ஒரு சைக்கிள் வந்தாலும் சத்தம் எதிரொலிக்குமே? தனியாகப் போகும்போது அந்த இடத்தில்தான் பயமாக இருக்கிறது.

சூரமங்கலம் இருப்புப்பாதை:

எதிரொலிக்கும் அம்மா, அதனால்தான் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும், திடீரென்று யாரும் வர முடியாது. வலது ஓரமாகப் போங்கள். கிட்டே வந்ததும் மணி அடிப்பார்கள், கடக்கும்போது ‘போன்ஷூர்’ என்பார்கள். நீங்களும் சொல்லுங்கள். மகளின் விடுப்பு எந்த இரண்டு நாள் என்று கேட்டு, சுரங்கம் அந்த நாட்களில் விழும்படி திட்டம் போட்டால் இன்னும் நல்லது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டாம், கிராமத்து ரொட்டிக்கடைகள் பலவும் அன்று மூடியிருக்கும். செவ்வாய்க்கிழமை கிளம்புங்கள்.