கார்டு ஸ்லாட் இல்லாத லேப்டாப் வாங்கலாமா? ஒரு ராத்திரிப் பதிவு கெட்ட கதையோடு கேட்கிறேன்

தவளைச்சத்தம்:

வணக்கம். என் லேப்டாப்புக்கு ஒன்பது வயது. ஒரு பக்கக் கீல் விட்டுவிட்டது, பேட்டரி இருபது நிமிஷம் தாங்கினால் அதிகம். மாற்றச் சொல்லி வீட்டில் எல்லோரும் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். நான்தான் இழுத்தடிக்கிறேன். காரணம், அதன் வலது விளிம்பில் இருக்கிற ஒரு சின்னப் பிளவு. எஸ்டி கார்டு ஸ்லாட்.

நான் என்ன செய்கிறேன் என்று சொன்னால்தான் கேள்வி புரியும். மழைக்காலத்தில் தவளைகளின் குரலைப் பதிவு செய்வேன். குளத்தின் இரண்டு கரைகளில் கரைக்கொரு மரத்தில் ரெக்கார்டரைக் கட்டிவிட்டு வந்தால் சாயங்காலம் ஆறிலிருந்து காலை நாலு வரை அதுபாட்டுக்கு ஓடும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. மணிக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல். ஆக ஒரு ராத்திரிக்கு இரண்டும் சேர்ந்து சுமார் 21 ஜிபி. அங்கேயே உட்கார்ந்து கார்டுகளைக் காலி செய்து, விடியல் பதிவுக்குத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

பழைய லேப்டாப்பில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கார்டைத் தள்ளினால் 'டிக்' என்று முழுசாக உள்ளே போய் உட்காரும். இன்னொரு தள்ளு தள்ளினால் வெளியே வரும். வெளியே தொங்க எதுவும் இல்லை.

போன மாதம் தம்பியின் புது லேப்டாப்பை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். மெலிசு, கையில் எடையே தெரியவில்லை. இரண்டு டைப்-சி ஓட்டை, ஒரு ஹெட்போன் ஓட்டை, அவ்வளவுதான். கூடவே ஒரு ஹப்பும் கொடுத்தான், ஒரு டைப்-சி ஓட்டையில் செருகினால் கார்டுக்கும் மற்றதுக்கும் பல ஓட்டை தருகிற குட்டிப் பெட்டி. மடியில் லேப்டாப், தலையில் டார்ச், முழங்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜாண் கேபிளில் தொங்குகிற ஹப், அதன் வாயில் கார்டு. காப்பி ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் ஏதோ பூச்சி ஏற, கொஞ்சம் அசைந்தேன். கருவி துண்டிக்கப்பட்டால் வருமே ஒரு சத்தம், அது வந்தது. உடனே இணைந்த சத்தம். அப்புறம் 'கார்டை ஃபார்மட் செய்தால்தான் திறக்க முடியும்' என்று ஒரு பெட்டி.

என் தப்பும் உண்டு. 'காப்பி' கொடுக்காமல் 'கட்' கொடுத்திருந்தேன். கால் மணிக்கு ஒன்றாக அந்தக் கார்டில் 40 கோப்புகள். 12 ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தன. மீதி 28ஐ மீட்பு மென்பொருள் போட்டு எடுத்துவிட்டேன், ஒலியும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பெயர்கள் போய்விட்டன. ரெக்கார்டர் கோப்பின் பெயரில்தான் தேதியையும் நேரத்தையும் எழுதும். எந்தத் தவளை எத்தனை மணிக்குக் கத்த ஆரம்பித்தது என்பதுதான் எனக்கு வேண்டியது. இப்போது கையில் இருப்பது ஒன்று முதல் இருபத்தெட்டு வரை எண் போட்ட வெறும் கத்தல்.

சரி, கேள்வி இதுதான். ஸ்லாட் உள்ள லேப்டாப்பைத் தேடிப் பிடிப்பதா, இல்லை ஒரு நல்ல ஹப் வாங்கிப் பழகிக்கொள்வதா? 'இந்தக் காலத்தில் யார் கார்டு போடுகிறார்கள்' என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். நான் போடுகிறேன்.

ஒற்றைக்கேபிள்:

சார், நான் அந்தக் கட்சிதான், இருந்தாலும் கொஞ்சம் கேளுங்கள். 1998இல் ஐமேக் ஃப்ளாப்பி டிரைவ் இல்லாமல் வந்தபோதும் இதே புலம்பல்தான் இருந்தது. இன்றைக்கு ஃப்ளாப்பிக்காக யார் அழுகிறார்கள்? என் மேஜையில் டைப்-சி ஓட்டையில் செருகுகிற ஒரே ஒரு தண்டர்போல்ட் கேபிள். செருகினால் மானிட்டர், நெட்வொர்க், கீபோர்டு, சார்ஜ் எல்லாம் வந்துவிடும். கிளம்பும்போது ஒன்றை உருவினால் போதும். முன்பு நாலு உருவ வேண்டும், அதில் ஒன்று கட்டாயம் மேஜைக்குப் பின்னால் விழும்.

சார்ஜருக்கும் அதே ஓட்டை என்பது சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதலும் லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சி சார்ஜிங் கட்டாயம். மின்சாரமும் 240 வாட் வரை போகும் என்று 2021இலேயே விதி எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரு தனிச் சார்ஜர், ஒரு தனி முனை என்று அலைந்த காலத்தை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

அப்புறம், ஸ்லாட் வைத்தாலும் யாருக்கு வைப்பது? ட்ரோனும் ஆக்‌ஷன் கேமராவும் மைக்ரோஎஸ்டி. பெரிய கேமராக்கள் பல சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்கிற வேறு கார்டு வகைக்குப் போய்விட்டன, அதிலும் ஏ, பி என்று இரண்டு அளவு. உங்களுக்கு முழு அளவு எஸ்டி. யாருக்கு எது தேவையோ அதற்கு ஒரு சின்ன ரீடரை அவரவர் வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

உங்கள் ராத்திரியைக் கெடுத்தது டைப்-சி இல்லை, தொங்கிய ஹப். கேபிளே இல்லாமல் ஓட்டையில் நேராகச் செருகுகிற ரீடர் இருக்கிறது. அதை வாங்குங்கள்.

சால்டரிங்_கை:

நேராகச் செருகுகிற ரீடரை மடியில் வைத்து வேலை செய்கிறவருக்குச் சொல்லாதீர்கள். அது தொங்காது, உண்மைதான். ஆனால் கடப்பாரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். தொடை ஒரு தடவை அதை நெம்பினால் போவது ரீடர் இல்லை, போர்ட்.

இதை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்கிறேன். போர்ட் பழுதுதான் என் பிழைப்பில் பாதி. டைப்-சி போர்ட்டை 10,000 தடவை செருகி எடுக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பழைய சதுர வாய் யூஎஸ்பிக்கு அந்தக் கணக்கு வெறும் 1,500தான். ஆனால் அதெல்லாம் நேராகச் செருகி நேராக எடுத்தால். பக்கவாட்டில் நெம்புவதற்கு எந்தக் கணக்கும் உதவாது. உள்ளே 24 கால்கள், இரண்டு வரிசை. பல போர்ட்களில் பின் வரிசை உலோகக் கூட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், சால்டரிங் முனை அங்கே போகவே போகாது. சூடான காற்றை ஊதி மொத்தமாகத்தான் கழற்ற வேண்டும். போர்ட்டோடு சேர்ந்து, அது ஒட்டியிருந்த செம்புப் பேட் ஒன்று உரிந்து வந்தால் அன்றைக்கு மத்தியானம் முழுக்க அதோடு மல்லுக்கட்டு.

இரண்டே ஓட்டை உள்ள லேப்டாப்பில் இன்னொரு சங்கடம். சார்ஜர், ஹப், பென் டிரைவ் எல்லாத் தேய்மானமும் அந்த இரண்டின் தலையில்தான். ஒன்று போனால் பாதி லேப்டாப் போன மாதிரி. எச்டிஎம்ஐ ஓட்டை கெட்டுப்போய் வருகிற லேப்டாப்பில் குறைந்தபட்சம் சார்ஜ் ஏறும்.

அதனால் ஸ்லாட்டை நான் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதுவும் கெடும். மைக்ரோஎஸ்டி அடாப்டரின் ஸ்டிக்கர் உரிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டு வருகிற கேஸ் நிறைய. அதோடு, ஸ்லாட் இருக்கிறது என்பதை வைத்து அது எதில் போய் இணைகிறது என்று சொல்ல முடியாது. சில லேப்டாப்களில் அது உள்ளே யூஎஸ்பி 2.0 கம்பியில்தான் தொங்கும். ஏட்டளவில் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி, கையில் கிடைப்பது 35, 40 எம்பி. உங்கள் 21 ஜிபிக்கு ஒன்பது, பத்து நிமிஷம். ஒழுங்காக இணைத்த ஸ்லாட்டில் யூஎச்எஸ்-1 என்கிற வேக வகைக் கார்டு 90 எம்பி போனால் நாலு நிமிஷம். யூஎச்எஸ்-2 என்பது இன்னும் வேகம், 312 எம்பி வரை, ஆனால் அதற்குக் கார்டின் முதுகில் இரண்டாவது வரிசைக் கால்கள் வேண்டும். ரெக்கார்டருக்கு அது தேவையே இல்லை. விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் 'இணைப்பின்படி' பார்வைக்கு மாற்றிப் பாருங்கள், ரீடர் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்கிற வேகமான உள் இணைப்புக்குக் கீழே இருக்கிறதா யூஎஸ்பிக்குக் கீழே இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

லேப்டாப் எதுவானாலும் ஒரு காரியம் செய்யுங்கள். கார்டின் இடது ஓரத்தில் ஒரு சின்ன லாக் இருக்கிறதல்லவா, வெளியே எடுத்தவுடன் அதைக் கீழே இழுத்துவிட்டுச் செருகுங்கள். அந்த லாக் பற்றிக் கார்டுக்கு ஒன்றுமே தெரியாது. ஸ்லாட்டில் இருக்கிற குட்டி ஸ்விட்ச்தான் அதைத் தடவிப் பார்த்து 'எழுதக் கூடாது' என்று கணினியிடம் சொல்கிறது. அப்புறம் நீங்கள் 'கட்' கொடுத்தாலும் அழியாது, பாதியில் அறுந்தாலும் கார்டில் எதுவும் கெடாது. மலிவான ரீடர்கள் சில இந்த லாக்கைக் கண்டுகொள்வதில்லை, முதலில் ஒரு வெற்றுக் கார்டில் சோதித்துக்கொள்ளுங்கள்.

பழையபெட்டி:

ஃப்ளாப்பி கதை சொன்னவருக்கு ஒரு வார்த்தை. ஃப்ளாப்பி திரும்பி வரவில்லை. ஸ்லாட் வந்தது. ஆப்பிள் 2016இல் மேக்புக் ப்ரோவிலிருந்து எஸ்டி ஸ்லாட், எச்டிஎம்ஐ, காந்தச் சார்ஜர் மூன்றையும் எடுத்தது. 2021இல் மூன்றையும் திரும்ப வைத்தது. தேவை இல்லாததை யாரும் ஐந்து வருஷம் கழித்துத் திரும்ப வைக்க மாட்டார்கள்.

ஆனால் கேட்டவருக்கு அது சரிப்படாது என்பேன். அதில் கார்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும், 'டிக்' கிடையாது. 2021இல் வந்த ஃபிரேம்வொர்க் லேப்டாப்பையும் பாருங்கள். அதில் போர்ட்கள் தனித்தனிச் சின்னப் பெட்டிகள், வேண்டியதை விளிம்பில் செருகிக்கொள்ளலாம். ஒன்று உடைந்தால் அந்தப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். சால்டரிங் அண்ணனுக்குத்தான் வருமானம் போகும்.

அலைவரிசை:

போர்ட் சண்டையை நீங்கள் போடுங்கள். எனக்கு அந்த 28 கோப்புகள்தான் மனசை உறுத்துகின்றன.

தவளைச்சத்தம், உங்கள் ரெக்கார்டர் பிராட்காஸ்ட் வேவ் முறையில் எழுதுகிறதா பாருங்கள். வானொலிக்காரர்களுக்காக வந்த முறை, நிறைய ரெக்கார்டர்கள் கேட்காமலேயே அதில்தான் எழுதும். பெயர் போனாலும் பரவாயில்லை, பதிவு தொடங்கிய தேதியும் நேரமும் கோப்பின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். கோப்பின் பைட்களை அப்படியே காட்டுகிற ஹெக்ஸ் எடிட்டர் மென்பொருளில் கோப்பைத் திறந்து ஆரம்பத்தில் 'பெக்ஸ்ட்' (bext) என்கிற நாலு ஆங்கில எழுத்தைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடம் தாண்டி 2024-11-03 மாதிரி பத்து எழுத்தில் தேதி, ஒட்டினாற்போல் எட்டு எழுத்தில் நேரம், சும்மா கண்ணால் படிக்கலாம்.

இன்னொன்று, ஹப் வாங்கினால் வயர்லெஸ் மவுஸின் ரிசீவரை அதன் பக்கத்தில் செருகாதீர்கள். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து அறிக்கை போட்டது. கார்டு காப்பி ஆகும்போது மட்டும் மவுஸ் துள்ளினால் மவுஸைத் திட்டாதீர்கள்.

தவளைச்சத்தம்:

முதலில் ஒன்று. நான் சார் இல்லை, மேடம்.

அலைவரிசை, உங்களை எங்கே வைத்துக் கொண்டாடுவது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து 28ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். 26இல் நேரம் அப்படியே இருக்கிறது. மீதி இரண்டு தலைப்பகுதி சிதைந்தவை, ஆனால் கால் மணிக் கணக்கில் எந்த இரண்டு இடம் காலி என்று தெரிவதால் அதில்தான் அவை உட்கார வேண்டும். எது முன்னால் எது பின்னால் என்று மழைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். மரத்தவளை 2.47க்குத் தொடங்கியிருக்கிறது, நான் நினைத்ததைவிட ஒரு மணி நேரம் தாமதமாக.

சால்டரிங்_கை சொன்னபடி பழைய லேப்டாப்பையும் பார்த்தேன். சிரிக்காதீர்கள். ஒன்பது வருஷமாக நான் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஸ்லாட் யூஎஸ்பி 2.0இல்தான் தொங்குகிறது. பத்து நிமிஷம் ஆவதற்குக் கார்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு நாள்கூட அறுந்ததில்லை, அதனால் என் முடிவு ஸ்லாட்தான். வேகம் எனக்கு இரண்டாம்பட்சம், கார்டு முழுசாக உள்ளே போக வேண்டும். விவரப் பட்டியலில் 'கார்டு ரீடர் உண்டு' என்று மட்டும்தான் போடுகிறார்கள். வாங்குமுன் இதை எப்படித் தெரிந்துகொள்வது?

சால்டரிங்_கை:

கையோடு கார்டைக் கொண்டுபோங்கள் மேடம். நாலு ஜிபிக்குக் குறையாத கோப்பு ஒன்று அதில் இருக்கட்டும். செருகிப் பார்த்தால் 'டிக்' உண்டா இல்லையா தெரிந்துவிடும். அப்புறம் லேப்டாப்புக்குக் காப்பி போட்டு, வேகம் 40ஐத் தாண்டுகிறதா பாருங்கள். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் இணையத்தில் கிடைத்தால் சார்ஜ் ஏறுகிற போர்ட் தனிக் குட்டி போர்டில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. தனியாக இருந்தால் நாளைக்கு யாரிடம் கொண்டுபோனாலும் அரை மணி வேலை.

லாக் போட்டுப் பார்த்தீர்களா?

தவளைச்சத்தம்:

போட்டேன், நன்றாக வேலை செய்கிறது. திரும்ப ரெக்கார்டரில் போடுமுன் அதை மேலே தள்ளிவிட வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே. நேற்று ஒரு கரையில் மட்டும்தான் பதிவாகியிருக்கிறது.