மறு: ‘பெர்சிவரன்ஸ் ஆஃப் தி செயின்ட்ஸ்’ – ‘நிலைபேறு’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு, சேலத்திலிருந்து வணக்கம்.

மெய்யான விசுவாசி கடைசிவரை மீட்பில் நிலைத்திருப்பதை ஆங்கிலத்தில் ‘பெர்சிவரன்ஸ் ஆஃப் தி செயின்ட்ஸ்’ என்பார்கள். அதைத் தமிழில் ‘நிலைபேறு’ என்று சொல்லலாம் என நான் எழுதியதற்கு மூன்று மறுப்புகள் வந்திருக்கின்றன. அதற்கு முன், இந்தச் சொல்லை ஏன் தேடினேன் என்று சொல்லிவிடுகிறேன். முதல் மடலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் சபையில் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு எடுக்கிறேன். கோடையில் ஏற்காட்டில் இரண்டு நாள் தியான முகாம் நடந்தது. யோவான் 10:28 வாசித்தோம்: ‘ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை.’ வயதான ஓர் அம்மா கேட்டார்: “மத்தவங்க பறிக்க முடியாது, சரி. நாமளே கையை உதறிட்டா?” அவருடைய மகன் சபைக்கு வருவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

நானூறு வருடத்துக்கு மேலாக நடக்கும் வழக்கு அது. 1610-இல் டச்சு இறையியலாளர் ஆர்மினியஸின் வழிவந்தவர்கள் ஐந்து கூற்றுகளை எழுதினார்கள். மெய்யான விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பதை வேதத்திலிருந்து இன்னும் கவனமாக ஆராய வேண்டும் என்று ஐந்தாவது கூற்றில் திறந்தே விட்டார்கள். 1618–19-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய, கால்வின் வழிவந்த திருச்சபைகளின் சங்கம், தேவன் தெரிந்துகொண்டவர்கள் சறுக்கலாம், ஆனால் முற்றிலும் விழுந்துபோக அவர் விடமாட்டார் என்று முடித்தது. இதையெல்லாம் அந்த அம்மாவுக்குச் சொல்ல வாயெடுத்தேன், சொல் கிடைக்கவில்லை. ‘நித்திய பாதுகாப்பு’ என்றால் டோர்ட்டின் தீர்ப்பைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். ‘விடாமுயற்சி’ என்றால் பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும் வாசகம் மாதிரி கேட்கிறது. மகன் போதுமான அளவு முயலவில்லை என்றுதான் தாயின் காதில் விழும். இரண்டையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைப் புரட்டினேன். மத்தேயு 24:13-இல் ‘முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே’. நிற்பது மனிதன், தன்வினை. 1 பேதுரு 5:10-இல் ‘நிலைநிறுத்துவாராக’. நிறுத்துவது தேவன், பிறவினை. வழக்கின் இரண்டு தரப்பும் ஒரே வேர்ச்சொல்லில் இருக்கின்றன. ‘நிலைநிற்றல்’ என்றால் ஒரு பக்கம் சாயும், ‘நிலைநிறுத்தல்’ என்றால் மறுபக்கம். ‘நிலைபேறு’ என்பதில் நிலை இருக்கிறது, பெறுவதும் இருக்கிறது. வீடுபேற்றில் உள்ள அதே பேறு. பண்டைத் திருச்சபையின் ஆசிரியர் அகுஸ்தீன் தம் கடைசிக் காலத்தில் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதியபோது, தலைப்பிலேயே இதைக் ‘கொடை’ என்றார். பெற்றதைத் தொலைக்க முடியுமா என்று சொல் தீர்ப்புச் சொல்லாது. அதைக் கேட்க இடம் விடும். வழக்காடுகிற இருவருமே கூச்சமில்லாமல் வாயில் வைக்கக்கூடிய சொல்தான் எனக்கு வேண்டும்.

இனி மறுப்புகள்.

> ‘இரட்சிப்பின் நிச்சயம்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

இது வேறு, அது வேறு ஐயா. நான் இன்று மீட்கப்பட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிவது நிச்சயம். அந்த மீட்பு கடைசிவரை இருப்பது நிலைபேறு. 1738-இல் தமக்கு அந்த நிச்சயம் கிடைத்தது என்று எழுதிய, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, விசுவாசி விழுந்துபோகவும் கூடும் என்றே போதித்தார். 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் இதற்கு நேர்மாறு: இறுதிவரை நிலைத்திருப்பதைப் பெரிய கொடை என்றது; ஆனால் தனிப்பட்ட வெளிப்படுத்தல் இல்லாமல் அது தனக்கு உண்டு என்று எவரும் முழு நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இல்லை. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் வெஸ்லியையும் விளக்க முடியாது, திரெந்தையும் விளக்க முடியாது.

எங்களுக்கு இது ஏட்டுச் சண்டையும் இல்லை. 1827 முதல் சேலத்தில் ஊழியம் செய்த லண்டன் மிஷன் பெரும்பாலும் கால்வின் வழி வந்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லி வழி மெதடிஸ்டுகளும் அதே கூரைக்குள் வந்தார்கள். ஒரே பெஞ்சில் இரண்டு மரபும் உட்கார்ந்திருக்கிறது.

> நம்மிடமே குரங்குக்குட்டி, பூனைக்குட்டி நியாயங்கள் உண்டே. அதிலிருந்து எடுக்கலாமே?

இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது அக்கா. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும்; இறைவனிடம் அடைக்கலம் புகுவதை வைணவத்தில் வடகலையார் முதலாவதாலும் தென்கலையார் இரண்டாவதாலும் விளக்குவார்கள். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு போகும் குட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் வடகலையார் சொன்னது நினைவுக்கு வரும். வகுப்பில் உவமையாகக் கட்டாயம் பயன்படுத்துவேன். கலைச்சொல்லாக வேண்டாம். அடைக்கலம் புகுவதில் நம் பங்கு எவ்வளவு என்பது அங்கே கேள்வி. புகுந்தவன் வெளியே விழ முடியுமா என்பது இங்கே. உவமையைப் பெயராக்கினால் கேள்வி இடம் மாறிவிடும்.

> இலங்கையில் ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்று பாடநூலிலேயே வருகிறதே.

கனமான மறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். தனித்து நின்றால் குழப்பும். ஆகவே என் முன்மொழிவைத் திருத்துகிறேன்: முதல் முறை வரும்போது ‘மீட்பில் நிலைபேறு’, பிறகு வெறும் ‘நிலைபேறு’. பழைய மொழிபெயர்ப்பு வாசிப்பவர்கள் ‘இரட்சிப்பில் நிலைபேறு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே வழக்கில் வரும் இன்னொரு சொல்: மனிதன் தானே தெரிந்தெடுக்க முடிவதைக் குறிக்கும் ‘ஃப்ரீ வில்’லுக்கு ‘சுயசித்தம்’ மட்டும் வேண்டாம். தேவசித்தத்துக்கு எதிராக அடம்பிடிப்பது என்றே பிரசங்கங்களில் அதற்குப் பொருள் ஏறிவிட்டது. ‘சுயாதீன சித்தம்’ போதும்.

கத்தோலிக்க நண்பர்களிடம் ஒரு கேள்வி: திரெந்து சொன்ன அந்தக் கொடையை உங்கள் மறைக்கல்வியில் தமிழில் எப்படிச் சொல்கிறீர்கள்? ஏற்கெனவே நல்ல சொல் இருந்தால் என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு அந்த அம்மா வருவார். அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.