வீட்டுக் கொம்பியூட்டருக்குள்ள வேவு பாக்கிற சாமான்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ

முள்ளியவளையான்:
வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊருக்குப் போன நேரம் சித்தப்பா வீட்டில நடந்த கதை இது. கொஞ்சம் நீளம், ஆறுதலா வாசியுங்கோ. அங்க லைன் இழுத்த இன்டர்நெட் இல்லை, சிம் போடுற றவுட்டர்தான், மாசத்துக்கு ஒரு பக்கேஜ். ஏ.எல் படிக்கிற தங்கச்சி சூம் கிளாஸ் பாப்பாள், பின்னேரத்தில சித்தி கனடாவோட வைபர் கதைப்பா, வேற பாவனை ஒண்டும் இல்லை. அப்பிடியிருக்க மாசம் பாதி போக முதலே டேற்றா முடியுதெண்டு சித்தப்பா தங்கச்சியைப் பேச, அவள் நான் படம் கிடம் ஒண்டும் பாக்கேல்லை எண்டு அழ, நான் போய் இறங்கேக்க ரெண்டு பேருக்கும் கதை பேச்சில்லை.

வீட்டுக் கொம்பியூட்டரைத் திறந்து பாத்தன். விண்டோஸ் செட்டிங்ஸ்ல நெட்வேர்க் பகுதிக்குள்ள டேற்றா யூசேஜ் எண்டு ஒண்டு இருக்கு, கடைசி 30 நாளில எந்த சொப்ட்வெயார் எவ்வளவு இழுத்ததெண்டு அது காட்டும். டேற்றா சண்டை நடக்கிற வீடுகளில முதல் பாக்கவேண்டிய இடம் அதுதான். குரோம் மேல நிண்டது, அது சரி, அதுக்குக் கீழ விண்டோஸின்ர சொந்தப் பைல் ஒண்டின்ர பேர் மாதிரியே ஒண்டு நிண்டது, வடிவா உத்துப் பாத்தா ஒரு எழுத்து மாறியிருக்கு. இப்ப என்னென்ன ஓடுது எண்டு காட்டுற டாஸ்க் மனேஜருக்குப் போய் அந்தப் பேரில ரைட் கிளிக் பண்ணி பைல் லொக்கேசனைத் திறந்தன். உண்மையான பைல் எண்டா சிஸ்டம்32 போல்டருக்குள்ள இருக்கோணும், இது அப்டேற்றா (AppData, சொப்ட்வெயார்கள் தங்கட சாமான் வைக்கிற மறைச்ச போல்டர்) உள்ள ரோமிங் எண்ட போல்டருக்குள்ள போய் ஒளிச்சுக்கொண்டு கிடக்குது.

இனித்தான் விசயம். விண்டோஸோட சேந்தே வாற வைரஸ் காவல் விண்டோஸ் டிபென்டர், அதை ஸ்கான் பண்ண விட்டா பச்சைச் சரி போட்டு ஒரு பிரச்சினையும் இல்லை எண்டுது. புல் ஸ்கான் கண்மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிட்டுது, அந்தப் பழைய ஹார்ட்டிஸ்க்குக்கு அது நடக்காத காரியம். வைரஸ் அன் திரெட் புரொடெக்சனுக்குள்ள மனேஜ் செட்டிங்ஸ், அதுக்குள்ள கீழ இறங்கிப்போனா எக்ஸ்குளூசன்ஸ் எண்டு ஒரு லிஸ்ட் வரும், டிபென்டர் தொடக்கூடாத இடங்களின்ர பட்டியல். அதில முழு சி டிரைவும் போட்டுக் கிடந்தது! காவலுக்கு நாயை வளத்து அதை அறைக்குள்ள வச்சுப் பூட்டின கதைதான்.

அதை ஆர் போட்டது எண்டா, விண்டோஸ் அடிச்சு, அதாவது இன்ஸ்டோல் பண்ணிக் குடுத்த கடையாத்தான் இருக்கோணும். லைசன்ஸ் வாங்காத கிராக் விண்டோஸை அக்டிவேட் பண்ணுற சாமானை டிபென்டர் பிடிக்கும், அது பிடிக்காமலிருக்க முழு டிரைவையும் விலக்கிவிட்டிட்டு அப்பிடியே மறந்துபோறாங்கள். பெடியன் கெட்ட எண்ணத்தோட செய்தவன் எண்டு நான் சொல்லேல்லை, குறைஞ்ச காசுக்கு விண்டோஸ் கேக்கிறதும் நாங்கள்தானே. கடையில அடிச்ச கொம்பியூட்டர் வீட்டில இருந்தா இண்டைக்கே அந்த லிஸ்டைத் திறந்து பாருங்கோ.

துப்பரவாக்கினது எப்பிடியெண்டா, முதல் றவுட்டரை நிப்பாட்டினன், அது வெளியால ஒண்டும் அனுப்பக்கூடாது. எக்ஸ்குளூசன் எல்லாத்தையும் எடுத்திட்டு ஒப்லைன் ஸ்கான் குடுத்தன், அது கொம்பியூட்டரை ரீஸ்டார்ட் பண்ணி விண்டோஸ் எழும்ப முதலே தேடும், கால் மணித்தியாலம் அளவில எடுக்கும், கரண்ட் நிண்டு நிண்டு வாற நேரத்தில துவங்காதையுங்கோ. பிடிச்சுது, அழிச்சுது. ஆனா அடுத்தநாள் காலமை போட்டா அதே பைல் அதே இடத்தில திரும்பவும் நிக்குது.

ஓட்டோறன்ஸ் (Autoruns) எண்டு மைக்ரோசொப்ட்டே சும்மா குடுக்கிற ஒரு சின்ன சொப்ட்வெயார் இருக்கு. கொம்பியூட்டர் எழும்பேக்க தானா ஓடுற எல்லாத்தையும் அது வரிசையாக் காட்டும், ஒப்சன்ஸ்ல மைக்ரோசொப்ட்டின்ர சாமான்களை மறைச்சுவிட்டா மிச்சம் கொஞ்சம்தான். ரோஸ் நிறத்தில வாற வரியள் கையொப்பம் இல்லாததுகள், அதுக்காக எல்லாம் கள்ளச் சாமான் எண்டில்லை, பிரிண்டர் சொப்ட்வெயாரும் சில நேரம் ரோஸில வரும், ஒவ்வொண்டாப் பாக்கோணும். அதில ஷெடியூல்ட் டாஸ்க், அதாவது தானா ஓடச் சொல்லி வச்ச வேலையள் இருக்கிற பகுதிக்குள்ள ஏதோ அப்டேற்றர் எண்டு நல்லபிள்ளைப் பேரோட ஒண்டு இருந்தது, ஆரும் லொக்கின் பண்ணின உடன ஓடி அந்தப் பைலைத் திரும்பவும் இறக்கிறதுதான் அதின்ர வேலை. அதை எடுத்தாப் பிறகுதான் மற்றதும் அடங்கினது.

மல்லாவி அக்கா:
தலைப்பைப் பாத்தவுடன நெஞ்சு திக்கெண்டுது தம்பி, எங்கட பக்கம் வேவு எண்டா யோசினை போற இடம் வேற. நல்லவேளை கொம்பியூட்டர்.

என்ர அனுபவம் பென்ட்ரைவ். பள்ளிக்கூடப் பரீட்சைப் பேப்பர் டைப் பண்ணி பிரிண்ட் எடுக்க போட்டோக்கொப்பி கடைக்குக் குடுத்து வாங்கிவந்து வீட்டில போட்டா உள்ள ஒரு போல்டரும் இல்லை, பென்ட்ரைவின்ர பேரிலயே ஒரு ஷோர்ட்கட் மட்டும் நிக்குது. அதைக் கிளிக் பண்ணினா பைலையும் திறந்து காட்டும், அதோட சேத்து உங்கட கொம்பியூட்டருக்குள்ள தன்னையும் இறக்கிப்போடும், அதால ஒருத்தருக்கும் சந்தேகம் வாறேல்லை. பைல் ஒண்டும் அழிஞ்சிருக்காது, பயப்பிடாதையுங்கோ. வியூவுக்குள்ள போய் மறைச்ச பைல்களைக் காட்டச் சொல்லி, புரொடெக்டட் சிஸ்டம் பைல்களை மறைக்கிற சரியையும் எடுத்துவிட்டா பேரே இல்லாத ஒரு போல்டர் தெரியும், எங்கட பேப்பர் எல்லாம் அதுக்குள்ளதான். எடுத்து வேற இடத்தில வச்சிட்டு பென்ட்ரைவை ஸ்கான் பண்ணி போர்மட் அடிச்சன். இப்ப பிரிண்டுக்கு பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில அனுப்புறன், கடைக்காரருக்கும் அது லேசு.

பரந்தன் சந்தி:
எங்கட அய்யாவின்ர லப்டொப்பில வலது பக்க மூலையில உங்கட கொம்பியூட்டரில வைரஸ் எண்டு சிவப்பா அடிக்கடி வரும், மனுசன் சாப்பாடு தண்ணியில்லாமல் யோசினை. அது வைரஸும் இல்லை ஒண்டும் இல்லை, ஏதோ ஒரு நியூஸ் பக்கத்தில அலவ் எண்டதை அமத்தியிருக்கிறார். குரோம் செட்டிங்ஸ்ல நோட்டிபிக்கேசனுக்குள்ள போய் தெரியாத பேர் எல்லாத்தையும் எடுத்துவிட நிண்டிட்டுது. அதில வாற நம்பருக்கு மட்டும் எடுத்துப்போடாதையுங்கோ, உங்கட கொம்பியூட்டரைத் தங்கட கையில தரச்சொல்லி, பிறகு காசும் கேப்பாங்கள்.

மாங்குளம் பெடியன்:
முள்ளியவளை அண்ணை, அழிச்சாச்சு எண்டா முடிஞ்சுதா? பாஸ்வேட் எல்லாம் போயிருக்குமே?

முள்ளியவளையான்:
நல்ல கேள்வி, இதைத்தான் கனபேர் விட்டிடுறவை. குரோமில சேவ் பண்ணின பாஸ்வேட் எல்லாம் போயிட்டுது எண்டுதான் நினைக்கோணும். பாஸ்வேட்டோட மட்டும் நிக்கிறேல்லை, லொக்கின் ஆகி நிக்கிற நிலையையே குக்கீயோட (நீங்கள் லொக்கின் பண்ணினதை ஞாபகம் வைக்க குரோம் வச்சிருக்கிற சின்னப் பதிவு) களவெடுத்துக்கொண்டு போவாங்கள், அப்ப அவங்களுக்கு பாஸ்வேட்டும் தேவையில்லை, போனுக்கு வாற கோட்டும் தேவையில்லை. அதால பாஸ்வேட்டை மாத்திறதோட நிக்காமல் எல்லா டிவைஸிலயும் இருந்து சைன் அவுட் குடுக்கோணும். அதையும் அந்தக் கொம்பியூட்டரில இருந்து செய்யிறேல்லை, துப்பரவான போன் ஒண்டில இருந்து செய்யுங்கோ. முதல் ஜிமெயில், ஏனெண்டா மற்ற எல்லாத்தையும் ரீசெட் பண்ணுற வழி அதுக்குள்ளதான் கிடக்கு, பிறகு பாங்க், பிறகு பேஸ்புக். சித்தியின்ர பேஸ்புக்கில தெரியாத ஒரு லொக்கின் நிண்டது, உடன துரத்தியாச்சு.

அதுக்குப் பிறகும் எனக்கு மனம் ஆறேல்லை. கனடாக் காசு வாற பாங்க் எக்கவுண்டை அதில திறக்கிறவை, அப்பிடிப்பட்ட கொம்பியூட்டரை ஸ்கான் பண்ணிப்போட்டு நம்பி இருக்க என்னால ஏலாது. போட்டோவையும் நோட்ஸையும் மட்டும் எடுத்து வச்சிட்டு (செட்டப் பைல் ஒண்டையும் எடுக்கிறேல்லை) மைக்ரோசொப்ட்டின்ர பக்கத்தில இருந்தே விண்டோஸை பென்ட்ரைவுக்கு இறக்கி, பழசை முழுசா அழிச்சு அடிச்சன். லைசன்ஸுக்குச் சித்தப்பா முணுமுணுத்தவர்தான், பாதி நான் போட்டன். இன்னொண்டு, விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட வழமையான அப்டேட் முடிஞ்சுது, எங்கட பக்கம் நிக்கிற பழைய மிசின் கனக்க 11ஐ ஏற்காது, அதுகளில பாங்க் வேலை செய்யாமல் இருக்கிறது நல்லது.

வவுனியாவில இருந்து:
பேர் போடாமல் எழுதுறன். எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு நடந்தது. அவள் ஆருக்கு என்ன எழுதுறாள் எண்டது அவளின்ர மனுசனுக்கு அப்பிடியே தெரியுது, அதே வசனத்தைச் சொல்லி சண்டை பிடிக்கிறான். வைரஸ் ஒண்டும் இல்லை, அவனே இருந்து இன்ஸ்டோல் பண்ணின சாமான், அமத்துற ஒவ்வொரு எழுத்தையும் பதிஞ்சு ஸ்கிரீனையும் படம் எடுத்து அனுப்புது.

இதில மட்டும் அவசரப்பட்டு அழிச்சுப்போடாதையுங்கோ. அழிச்ச உடன பாக்கிறவனுக்கு விளங்கிடும், பிறகு என்ன செய்வான் எண்டு சொல்லேலாது. அவள் அந்தக் கொம்பியூட்டரில வழமைமாதிரி சமையல் வீடியோவைப் பாத்துக்கொண்டு, முக்கியமான கதை எல்லாம் அக்காவின்ர போனில கதைச்சாள், புது ஈமெயிலும் அதிலதான் திறந்தவள். தன்ர போனுக்குள்ளயும் ஏதும் இருக்கலாம் எண்ட பயத்தில அதை அவள் நம்பேல்லை, சரியான யோசினை. ஸ்கிரீனை அக்காவின்ர போனால படம் எடுத்து வச்சிருந்தாள், பிறகு அது உதவினது. மனுசன்தானே எண்டு கனபேர் சொல்லுவினம், ஆனா அனுமதியில்லாமல் அடுத்தவையின்ர கணக்குக்குள்ள புகுறது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தில குற்றம். பொலிஸுக்குப் போறதோ இல்லையோ எண்டது அவளின்ர முடிவு, நாங்கள் தள்ளக்கூடாது.

மல்லாவி அக்கா:
அந்தப் பிள்ளை இப்ப நல்லா இருக்கிறாளோ?

வவுனியாவில இருந்து:
ஓம் அக்கா, தாய் வீட்டில. வேலைக்கும் போறாள்.

மாங்குளம் பெடியன்:
முள்ளியவளை அண்ணை, கடைசியா ஒண்டு, அது உள்ளுக்க வந்தது எப்பிடி எண்டு பிடிச்சியளோ?

முள்ளியவளையான்:
ஓம், விண்டோஸைத் திரும்ப அடிக்க முதல் பாத்தனான். அந்தக் கள்ளப் பைல் உருவான திகதியை புரொப்பட்டீஸ்ல எடுத்து, டவுன்லோட்ஸ் போல்டரைத் திகதி வரிசைக்கு மாத்திப் பாக்க அதே நாள் பின்னேரம் ஒரு பைல் இறங்கியிருக்கு. பாமினி பொண்ட் எண்டு பேர், தமிழில டைப் பண்ணுற எழுத்துரு. சனசமூக நிலையத்துக்கு நோட்டீஸ் அடிக்கவெண்டு சித்தப்பாதான் இறக்கியிருக்கிறார், தங்கச்சிக்கு அதைக் கேட்டு வந்த சிரிப்பு இருக்கே! கூகிளில தேடினா முதல் வாற பக்கங்கள் எல்லாத்திலயும் பெரிய பச்சை டவுன்லோட் பட்டன் நிக்கும், கனக்க இடத்தில அது விளம்பரம். பொண்ட் எண்டா டிடிஎஃப் எண்டு முடியிற சின்னப் பைல், ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டோல் குடுத்தா சரி. ஈஎக்ஸ்ஈ எண்டு செட்டப் பைலா வந்தா திறக்காமல் அழியுங்கோ. பாமினி தேவைப்படுற ஆக்கள் இஞ்ச கேளுங்கோ, சுத்தமான பைல் என்னட்ட இருக்கு, அனுப்பிவிடுறன்.